எழுத்தை வச்சு இங்கிலீஷ் வார்த்தை தேடறது: எந்த கேமுக்கு எந்த வழி சரியா வரும்

"இந்த எழுத்தெல்லாம் வர்ற மாதிரி இங்கிலீஷ் வார்த்தை கண்டுபிடிக்க நல்ல சைட் ஒண்ணு சொல்லுங்களேன்"னு யாராவது கேட்டா நான் ரெண்டு விஷயம் திருப்பிக் கேப்பேன், எந்த கேம் ஆடறீங்க, ஆடும்போதே வேணுமா இல்ல ஆடி முடிச்சப்புறம் கத்துக்கறதுக்கு வேணுமா. இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம எந்த சைட்டை சொன்னாலும் பாதி பேருக்கு அது தப்பாத்தான் போகும். ஸ்க்ராபிள்காரங்களுக்கு பிரமாதமா வேலை செய்யற டூல் க்ராஸ்வேர்டுக்கு சுத்தமா உதவாது, வேர்டிலுக்கு நல்லா இருக்கறது ஸ்பெல்லிங் பீக்கு வெறும் குப்பையா கொட்டும்.

ஏன்னா "இந்த எழுத்து வர்ற வார்த்தை"ன்னு நாம ஒரே வரியில சொல்றது உண்மையில நாலு வேற வேற தேடல். ஸ்க்ராபிள்ல கையில இருக்கற ஏழு எழுத்துக்குள்ளயே வார்த்தை முடியணும், கூட வேணும்னா போர்டுல ஏற்கெனவே கிடக்கற ஒரு எழுத்தை சேத்துக்கலாம், ரெண்டும் சேர்ந்து ஒரே ஒரு இ (E) தான் இருந்தா ரெண்டு இ வர்ற வார்த்தை ஆகாது. நியூயார்க் டைம்ஸோட ஸ்பெல்லிங் பீல ஏழு எழுத்து குடுப்பாங்க, அதே எழுத்தை எத்தனை தடவை வேணா திருப்பி போட்டுக்கலாம், ஆனா நடுவுல இருக்கற எழுத்து கட்டாயம் வரணும், குறைஞ்சது நாலு எழுத்து இருக்கணும். வேர்டில்ல ஒரு எழுத்து இந்த இடத்துல இருக்கு, இன்னொண்ணு எங்கயோ இருக்கு ஆனா இந்த இடத்துல இல்லை, இந்த அஞ்சாறு எழுத்து இல்லவே இல்லைன்னு மூணு நிபந்தனை ஒண்ணா வரும். க்ராஸ்வேர்டுக்கு எழுத்தை விட இடம்தான் முக்கியம், மூணாவது ஆர், கடைசி ஒய், மொத்தம் ஒன்பது எழுத்து, அவ்வளவுதான் தெரியும், ஆனா அர்த்தத்துக்கு ஒரு க்ளூ இருக்கும். பெரும்பாலான சைட்ல ஒரு பாக்ஸ், ஒரு பட்டன், அதுல எழுத்தை போட்டா அது முதல் வகைன்னு நினைச்சுக்கிட்டு பதில் குடுக்கும், நமக்கு வேண்டியது மூணாவது வகையா இருக்கும். அதனால எந்த டூலை எடுத்தாலும் மொத வேலை அதுல அட்வான்ஸ்டு தேடல் இருக்கான்னு பாக்கறது, இந்த எழுத்துல ஆரம்பிக்கணும், இதுல முடியணும், இது இருக்கணும், இது இருக்கக்கூடாது, இத்தனை எழுத்து நீளம்னு தனித்தனி கட்டம் இருந்தா அது உருப்படியான டூல்.

இன்னொண்ணு, நான் பாத்தவரைக்கும் இதைத்தான் யாருமே யோசிக்க மாட்டாங்க, அந்த டூல் எந்த டிக்ஷனரியை வச்சு தேடுதுங்கறது. ஸ்க்ராபிளுக்கே உலகத்துல ரெண்டு லிஸ்ட் ஓடுது. அமெரிக்கா கனடாவுல கேமோட உரிமை ஹாஸ்ப்ரோகிட்ட, மத்த நாடுகள்ல மேட்டல்கிட்ட, டிக்ஷனரியும் ஏறக்குறைய அதே கோட்டுல பிரிஞ்சு கிடக்கு. அங்க நாஸ்பா (வட அமெரிக்க ஸ்க்ராபிள் ஆட்டக்காரங்க சங்கம்) வேர்ட் லிஸ்ட், இந்தியா, இலங்கை, இங்கிலாந்துல எல்லாம் காலின்ஸ். காலின்ஸ் லிஸ்ட்ல சுமாரா 2,80,000 வார்த்தை இருக்கு, நாஸ்பாவுல அதை விட நல்லாவே கம்மி. ரெண்டெழுத்து வார்த்தை மட்டும் எடுத்துக்கிட்டா 2019 காலின்ஸ்ல 127, நாஸ்பாவுல 107. அந்த இருபது வித்தியாசம் சின்னதா தெரியும், ஆனா ஸ்க்ராபிள் ஆடறவங்களுக்கு தெரியும் ரெண்டெழுத்து வார்த்தைதான் போர்டை ஓட்டற சக்கரம்னு. இசட், ஓ சேர்ந்த ரெண்டெழுத்து வார்த்தை, திபெத்துப் பக்கம் இருக்கற கலப்பின மாட்டோட பேர், காலின்ஸ்ல செல்லும், அமெரிக்காவுல செல்லாது. அமெரிக்க சைட்ல தேடினா அது காட்டாது, நீங்களும் பத்து பாயின்ட் இசட்டை கையிலேயே வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. உல்டாவா காலின்ஸ் லிஸ்ட்ல தேடி எடுத்த வார்த்தையை அமெரிக்க லிஸ்ட் ஓடற ஆப்ல போட்டா ஏத்துக்காது.

போன்ல ஸ்க்ராபிள் மாதிரியே இருக்கற வேர்ட்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ் ஆடறவங்களுக்கு இது இன்னும் வேற. அது எனேபிள்னு ஒரு இலவச வார்த்தை லிஸ்ட்டை அடிப்படையா வச்சு வளந்தது. அந்த எனேபிள் லிஸ்ட்டை யார் வேணா டவுன்லோட் பண்ணலாம், ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல வார்த்தை, நிறைய சைட்டு ஆப்பெல்லாம் அடியில இதைத்தான் வச்சிருக்கு. ஆனா அது பழைய லிஸ்ட், க்யூ-ஐன்னு ஒரு வார்த்தை இருக்கே, சீனாவுல உயிர்ச்சக்தின்னு சொல்றது, ஸ்க்ராபிள்ல க்யூ வந்தவங்களோட முதல் அடைக்கலம், அது அந்த லிஸ்ட்ல கிடையாது, இசட்-ஏவும் கிடையாது. அதனால புதுசா ஒரு டூல் கைக்கு வந்தா நான் மொதல்ல க்யூ-ஐ போட்டு பாப்பேன், அப்புறம் இசட்-ஓ போட்டு பாப்பேன். ரெண்டும் வந்தா காலின்ஸ், முதல்து மட்டும் வந்தா அமெரிக்க லிஸ்ட், ரெண்டும் வரலைன்னா பழைய லிஸ்ட், டூர்னமென்ட்டுக்கோ ஆப்புக்கோ அதை நம்பி இறங்க வேண்டாம். ஒரு நிமிஷம் கூட ஆகாது இந்த டெஸ்ட்டுக்கு.

சரி, இப்ப ஒவ்வொரு வழியா பாப்போம்.

எல்லாருக்கும் தெரிஞ்சது வேர்ட் ஃபைண்டர் சைட், அன்ஸ்க்ராம்ப்ளர், சொல்யூஷன் ஆப் எல்லாம். எழுத்தை போட்டா நொடியில நூறு வார்த்தை, பாயின்ட் வாரியா அடுக்கி வேற குடுக்கும். உள்ள நடக்கறது ரொம்ப எளிமை, லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு வார்த்தையோட எழுத்தையும் அகரவரிசையில அடுக்கி ஒரு சாவி மாதிரி வச்சுக்கும், நீங்க போட்ட எழுத்தையும் அதுக்குள்ள அடங்கற சின்ன கூட்டங்களையும் அதே மாதிரி அடுக்கும், பொருந்தறதை எடுத்துக் குடுக்கும், அதனாலதான் அவ்வளவு வேகம். இதோட நல்லது வேகம், கெட்டது என்னன்னா நூறு வார்த்தையில தொண்ணூறு நமக்கு அர்த்தமே தெரியாது, மறுநாள் ஞாபகமும் இருக்காது. விளம்பரத்தோட தொல்லை வேற தனி. எதிர்ல இன்னொரு மனுஷன் உக்காந்து ஆடும்போது இதை பயன்படுத்தறது ஏமாத்துதான், அதுல ரெண்டாவது கருத்துக்கு இடமே இல்லைன்னு நினைக்கறேன், ரெண்டு பேரும் முன்னாடியே பேசி ஒத்துக்கிட்டா மட்டும் சரி. ஆனா ஆட்டம் முடிஞ்சப்புறம், அந்த ஏழு எழுத்துல நான் விட்டது என்னன்னு பாக்கறதுக்கு இதை விட வசதியா எதுவும் கிடையாது. கேம் நடக்கும்போது கஷ்டமா இருந்த ராக்கை, அதாவது கையில இருந்த ஏழு எழுத்தை, ஒரு சீட்டுல குறிச்சு வச்சுக்கிட்டு முடிச்சதும் போட்டுப் பாருங்க, அப்ப பாக்கற வார்த்தை மனசுல நிக்கும், ஏன்னா அது நமக்கு வலிச்ச இடம்.

வேர்டில்ல மட்டும் இந்த ஃபைண்டரை எப்படி பயன்படுத்தறதுங்கறதுல கொஞ்சம் நின்னு பேசணும். ஜாஷ் வார்டில் 2021 அக்டோபர்ல எல்லாருக்கும் திறந்துவிட்டது, 2022 ஜனவரி கடைசியில நியூயார்க் டைம்ஸ் வாங்கினது, ஆறு வாய்ப்பு, அஞ்சு எழுத்து. நிறைய பேர் மாட்டற இடம் லைட், நைட், ரைட், ஃபைட், சைட், மைட், டைட், எய்ட்ங்கற குடும்பம். பின்னாடி நாலு எழுத்து பச்சையா வந்துடும் (எழுத்தும் சரி, இடமும் சரின்னு அர்த்தம்), ஐ, ஜி, ஹெச், டி, முதல் எழுத்து மட்டும் தெரியாது. ஃபைண்டர்ல போட்டா எட்டு ஒன்பது வார்த்தையை வரிசையா காட்டும், அதுல மேல இருந்து ஒவ்வொண்ணா போட ஆரம்பிச்சா ஆறு வாய்ப்பும் காலி, விடாம ஜெயிச்சுக்கிட்டு வந்த ஸ்ட்ரீக்கும் காலி. ஃபைண்டர் குடுக்கற லிஸ்ட்டை விடைன்னு பாக்காம தகவல்னு பாக்கணும். மாறுற எழுத்து எது, எல், என், ஆர், எஃப், எஸ், எம், டி, இ. இதுல அதிகம் எழுத்து ஒரே வார்த்தையில வர்ற மாதிரி ஒண்ணை தேடணும், ஃபிலிம்ஸ்னு போட்டு பாருங்க, எஃப், எல், எம், எஸ் நாலும் ஒரே அடியில தெரிஞ்சுடும். அதுல ஒண்ணு நிறம் மாறினா விடை உறுதி, ஒண்ணுமே மாறலைன்னா நைட், ரைட், டைட், எய்ட் நாலுதான் பாக்கி. ஹார்டு மோட் போட்டு ஆடறவங்களுக்கு இந்த வழி கிடையாது, பச்சை எழுத்தை எடுத்த இடத்துலயே வச்சுத்தான் ஆகணும், அதனால ஹார்டு மோட்ல முதல் ரெண்டு வாய்ப்புலயே இந்த குடும்பத்துக்குள்ள போகாம பாத்துக்கறதுதான் ஒரே பாதுகாப்பு.

இதுக்கு எந்த ஃபைண்டரும் உதவாது, "இந்த எழுத்துல முடிஞ்சவரைக்கும் நிறைய வர்ற வார்த்தை"ன்னு கேக்கற கட்டம் சாதாரண சைட்ல இருக்காது. நாமளே யோசிக்கணும், இல்ல சொந்தமா லிஸ்ட் வச்சிருந்தா அதுல தேடலாம், அதுக்கு கீழ வர்றேன். இன்னொரு விஷயம், நம்மூர்ல பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் படிச்சு வளந்தவங்க கவனிக்க வேண்டியது, வேர்டில் அமெரிக்க ஸ்பெல்லிங்தான். 2022 ஆரம்பத்துல ஃபேவர், ஹ்யூமர் ரெண்டும் யூ இல்லாத அஞ்செழுத்தா விடையா வந்தப்ப இங்கிலாந்துல நிறைய பேர் கடுப்பானாங்க. நீங்க தேடற டூல்ல பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கும் அமெரிக்க ஸ்பெல்லிங்கும் கலந்து இருந்தா பரவாயில்லை, பிரிட்டிஷ் மட்டும் இருந்தா இந்த மாதிரி வார்த்தை வராமலே போயிடும்.

ஸ்பெல்லிங் பீக்கு ஃபைண்டர் வேண்டாம்ங்கறது என்னோட தீர்மானமான கருத்து. அந்த கேம்ல எது செல்லும் எது செல்லாதுங்கறதை டிக்ஷனரி முடிவு பண்றதில்லை, எடிட்டர் முடிவு பண்றாரு, அரிதான வார்த்தையெல்லாம் கழிச்சு கட்டிடுவாரு. ஃபைண்டர் எழுபது வார்த்தை குடுத்தா அதுல நாற்பது கூட ஏத்துக்காம போகலாம், நீங்க ஒவ்வொண்ணா டைப் பண்ணி "லிஸ்ட்ல இல்லை"ன்னு வாங்கிக்கிட்டு இருக்கணும். எஸ் எழுத்து பொதுவா வராதுங்கறதால பன்மை போட்டு தப்பிக்கறதுக்கும் வழி இல்லை. அதுக்கு பதிலா ஐ, என், ஜி மூணும் இருந்தா எல்லா வினைச்சொல்லுக்கும் கடைசியில அதை ஒட்டிப் பாருங்க, இ, டி (D) இருந்தா இறந்தகாலத்தை பாருங்க, முன்னாடி ஒட்டறதுக்கு யூ-என், ஆர்-இ இருக்கான்னு பாருங்க, ஏழு எழுத்தும் வர்ற பேங்க்ராம் பெரும்பாலும் இப்படி ரெண்டு துண்டு சேந்து வந்ததா இருக்கும்.

க்ராஸ்வேர்டு ஆடறவங்க, முக்கியமா தி ஹிந்துவோட க்ரிப்டிக் (க்ளூவுக்குள்ளயே விடையை புதிர் மாதிரி ஒளிச்சு வைக்கற வகை) போடறவங்க, ஸ்க்ராபிள் ஃபைண்டர் பக்கமே போக வேண்டாம். ஸ்க்ராபிள் லிஸ்ட்ல மனுஷங்க பேர் கிடையாது, ஊர் பேர் கிடையாது, ரெண்டு மூணு வார்த்தை சேர்ந்த சொற்றொடர் கிடையாது, க்ராஸ்வேர்டுல இந்த மூணும் தினமும் வரும். ஒன்லுக்னு ஒரு டிக்ஷனரி தேடல் இருக்கு, 1996ல இருந்து இருக்கற பழைய சைட், நிறைய டிக்ஷனரியை ஒரே இடத்துல தேடும். தெரியாத ஒரு எழுத்துக்கு கேள்விக்குறி, எத்தனை எழுத்துன்னே தெரியலைன்னா நட்சத்திரம். ரெண்டாவது எழுத்து ஏ, அஞ்சாவது எல், மொத்தம் எட்டுன்னா அந்தந்த இடத்துல எழுத்தும் மத்த இடத்துல கேள்விக்குறியும் போட்டா போதும். அதை விட பெரிய விஷயம் என்னன்னா, பேட்டர்னுக்கு அப்புறம் ஒரு கோலன் வச்சு பக்கத்துல அர்த்தத்தை டைப் பண்ணலாம், இந்த வடிவத்துல இருக்கணும், பனி சம்பந்தப்பட்டதா இருக்கணும்னு கேட்டா ரெண்டும் பொருந்தறதை மேல கொண்டுவரும். க்ராஸ்வேர்டுக்கு இதுக்கு ஈடா ஒண்ணு நான் பாக்கலை. ஆனா க்ரிப்டிக்ல விடை கிடைச்சா மட்டும் போதாது, க்ளூவை பிரிச்சு ஏன் அந்த விடைன்னு புரியற வரைக்கும் அது முடிஞ்ச கணக்கு இல்லை, அதனால ஒன்லுக்கை கடைசி மூணு நாலு கட்டத்துக்கு மட்டும் வச்சுக்கறது நல்லது.

இப்ப நான் ரொம்ப விரும்பற வழிக்கு வர்றேன், சொந்தமா ஒரு வார்த்தை லிஸ்ட்டை வச்சுக்கிட்டு நாமளே சலிச்சு எடுக்கறது. கேக்க கஷ்டமா தெரியும், ஆனா ஒரு சாயங்காலத்துல கத்துக்கலாம். ஒரு டெக்ஸ்ட் ஃபைல், வரிக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். லினக்ஸ்லயோ மேக்லயோ க்ரெப்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஆண்ட்ராய்டு போன்ல டெர்மக்ஸ்னு ஒரு ஆப் போட்டா அதுலயும் ஓடும். அது சல்லடை மாதிரி, நீங்க சொல்ற எழுத்து இருக்கற வரியை மட்டும் விடும், மைனஸ் வின்னு சேத்தா அந்த எழுத்து இல்லாத வரியை மட்டும் விடும். ஒரு சல்லடைக்கு கீழ இன்னொரு சல்லடை வச்சுக்கிட்டே போகலாம். க்யூ இருக்கறது, அதுக்கு கீழ யூ இல்லாதது, இப்படி ரெண்டே படி, மொத்த காலின்ஸ் லிஸ்ட்டும் ஒரு கைப்பிடி வார்த்தையா சுருங்கி வந்து நிக்கும். அதை படிச்சுப் பாருங்க, நம்ம ஊர் ஆளுக்கு அது அந்நியமாவே இருக்காது, தலாக், வக்ஃப், நிகாப், ஃபகீர், கவ்வாலி, எல்லாம் நாம பேப்பர்ல தினமும் பாக்கற வார்த்தை, க்யூ போட்டு எழுதறதுதான் தெரிஞ்சுக்கணும். கூட காட், அதான் ஏமன்ல மெல்லற இலை, க்யூ-ஏ-டி, அப்புறம் கனாட், ஈரான் பக்கம் நிலத்துக்கு அடியில தண்ணி கொண்டுபோற சுரங்கவாய்க்கால். இந்த மாதிரி பத்து பன்னெண்டு வார்த்தையை கையில வச்சிருக்கறவங்க க்யூவை பாத்து பயப்பட மாட்டாங்க. இந்த லிஸ்ட் எந்த ஃபைண்டர் சைட்லயும் கிடைக்கும்தான், ஆனா நாமளே சலிச்சு எடுக்கும்போது அடுத்த கேள்வி தானா வரும், இதுல அஞ்செழுத்து எது, எஸ் சேத்து பன்மையாக்கலாமா, முன்னாடி எழுத்து ஒட்டுமான்னு, ஒவ்வொண்ணுக்கும் இன்னொரு சல்லடை.

கமாண்ட் லைன் வேண்டாம்னா கூகுள் ஷீட்ஸ்லயோ எக்ஸெல்லயோ போட்டுக்கலாம், எக்ஸெல் ஒரு ஷீட்ல பத்து லட்சம் வரிக்கு மேல தாங்கும், நம்ம லிஸ்ட் மூணு லட்சத்துக்குள்ளதான். ஷீட்ஸ்ல ஃபில்டர் ஃபங்க்ஷனுக்குள்ள ரெஜெக்ஸ்மேட்ச் போட்டா எழுத்து, இடம், நீளம் எல்லா நிபந்தனையும் ஒண்ணா குடுக்கலாம், போன்ல கொஞ்சம் இழுக்கும், லேப்டாப்ல நல்லா ஓடும். பக்கத்து காலம்ல ஒவ்வொரு வார்த்தையோட எழுத்தையும் அகரவரிசையில அடுக்கி வச்சுட்டா அதுவே அனாக்ராம் (அதே எழுத்தை மாத்தி அடுக்கி வர்ற வார்த்தை) தேடற மெஷினா ஆயிடும். ஒரு எச்சரிக்கை, லினக்ஸோட கூடவே வர்ற வேர்ட்ஸ் ஃபைலை எடுத்து ஸ்க்ராபிளுக்கு வச்சுக்காதீங்க, அது ஸ்பெல்லிங் செக் பண்றதுக்கு செஞ்சது, அதுல ஆளுங்க பேர், ஊர் பேர், அபாஸ்ட்ரஃபி எஸ் எல்லாம் கலந்து கிடக்கும்.

சாட்ஜிபிடி மாதிரி ஏஐகிட்ட கேட்டா என்னன்னு இப்ப எல்லாரும் கேக்கறாங்க. அர்த்தம் கேக்கறதுக்கு, ஞாபகம் வச்சுக்க ஒரு கதை கட்டறதுக்கு, க்ரிப்டிக் க்ளூவை பிரிச்சு விளக்கறதுக்கு சரி. ஆனா எழுத்து நிபந்தனைக்கு அதை நேரடியா நம்பாதீங்க. அது வார்த்தையை எழுத்து எழுத்தா பாக்கறதில்லை, டோக்கன்னு துண்டு துண்டா பாக்குது, அதனால நாலாவது எழுத்து கே வரணும்னு கேட்டா கே அஞ்சாவதா வர்ற வார்த்தையை தைரியமா குடுக்கும், சில நேரம் இல்லாத வார்த்தையையே குடுக்கும். அதுகிட்ட வார்த்தையை கேக்கறதுக்கு பதிலா க்ரெப் கமாண்டையோ ஷீட்ஸ் ஃபார்முலாவையோ எழுதித் தர சொல்லுங்க, அதுல அது கெட்டி, தேடற வேலையை நம்ம லிஸ்ட் பாத்துக்கும்.

அச்சு புத்தகத்தை பத்தி நீட்டி சொல்ல ஒண்ணும் இல்லை. மெரியம் வெப்ஸ்டரோட ஸ்க்ராபிள் டிக்ஷனரி 1978ல இருந்து வருது, காலின்ஸோடதும் கடையில கிடைக்குது. ரெண்டும் வீட்ல ஆடும்போது சண்டையை தீக்கறதுக்கு ரொம்ப நல்லது, ஆனா அகரவரிசையில இருக்கறதால முதல் எழுத்து தெரிஞ்சாத்தான் தேட முடியும், நடுவுல எக்ஸ் வர்றது வேணும்னா புத்தகம் கையை விரிச்சுடும்.

ஸ்க்ராபிளை சீரியஸா எடுத்துக்கறவங்களுக்கு மேல சொன்ன எதுவுமே முழு பதில் ஆகாது, டூர்னமென்ட் மேஜையில போனை எடுக்க முடியாது, மண்டையில இருந்துதான் வரணும். அதுக்கு படிக்கற டூல் தனி. ஸைஸிவான்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, உலகம் பூரா நிறைய டூர்னமென்ட் ஆளுங்க இதை வச்சிருக்காங்க, ஏரோலித்னு ஒண்ணு ப்ரவுசர்லயே ஓடும். ரெண்டும் நம்மகிட்ட வார்த்தையை காட்டாது, எழுத்தை அகரவரிசையில அடுக்கிக் காட்டும், ஆல்ஃபாக்ராம்னு சொல்லுவாங்க. ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டின்னு காட்டினா நாம ரிடெய்ன்ஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர், ரெட்டினாஸ்னு அதுல இருந்து பிறக்கறது எல்லாத்தையும் சொல்லணும். சரியா சொன்னது தள்ளி போகும், தப்பா சொன்னது சீக்கிரம் திரும்பி வரும், செபாஸ்டியன் லைட்னர் 1970கள்ல பரப்பின அட்டைப்பெட்டி முறைதான் இது. இதுல என்ன அழகுன்னா, அதே எழுத்துங்க ராக்ல எந்த வரிசையில வந்தாலும் நாம மனசுக்குள்ள அகரவரிசையில அடுக்கி பாத்தா பழகின முகம் மாதிரி தெரியும்.

எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டா முதல்ல ரெண்டெழுத்து வார்த்தை மொத்தம், அப்புறம் யூ இல்லாத க்யூ, அப்புறம் ஜே, எக்ஸ், இசட் வர்ற மூணெழுத்து நாலெழுத்து. இதுக்கு அப்புறம்தான் ஏழெழுத்து பக்கம் போகணும், ஏழையும் ஒரே தடவையில வச்சா அம்பது பாயின்ட் போனஸ்ங்கறதால எல்லாருக்கும் அதுமேலதான் ஆசை. அதுக்கு ஸ்டெம்னு ஒரு வழி இருக்கு. எஸ், ஏ, டி, ஐ, என், இ இந்த ஆறு எழுத்தை எடுத்துக்குங்க, ஸாட்டீன்னு பேர் வச்சிருக்காங்க. இதோட எம் சேர்ந்தா இன்மேட்ஸ், வி சேர்ந்தா நேட்டிவ்ஸ், யூ சேர்ந்தா ஆன்ட்டீஸ், எல் சேர்ந்தா சேலியன்ட், கே சேர்ந்தா இன்டேக்ஸ், ஜி சேர்ந்தா சீட்டிங், டீசிங், இசட் கூட சேர்ந்து ஸேனியஸ்ட்னு ஒண்ணு வரும். காலின்ஸ்படி க்யூவும் ஒய்யும் தவிர மீதி எல்லா எழுத்தோடயும் ஏழெழுத்து வார்த்தை உண்டு. ஆல்ஃப்ரட் பட்ஸ் 1930கள்ல செய்தித்தாள்ல எழுத்து எண்ணி எண்ணித்தான் எந்த எழுத்து எத்தனை வில்லைன்னு முடிவு பண்ணாரு, இ பன்னெண்டு, ஏ ஒன்பது, ஐ ஒன்பது, என், டி ஆறு ஆறு, எஸ் நாலு, அதனால ஸாட்டீனோட ஆறு எழுத்து கையில சேர்றது மத்த பெரும்பாலான ஆறெழுத்து கூட்டத்தை விட அதிகம் நடக்கும், அதுக்கு தயாரா இருக்கறவங்களுக்குத்தான் அந்த அம்பது. எழுத்து எண்ணிக்கையை தெரிஞ்சுக்கிட்டு படிக்கற ஆளுக்கும் கண்ணை மூடிட்டு லிஸ்ட் மனப்பாடம் பண்ற ஆளுக்கும் வித்தியாசம் இங்கதான் வருது.

இங்கிலீஷ் நமக்கு தாய்மொழி இல்லையே, இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு தயங்கறவங்ககிட்ட நான் எப்பவும் சொல்றது நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் கதைதான். பிரெஞ்சு பேசவே தெரியாது, சுமார் ஒன்பது வாரம் பிரெஞ்சு வார்த்தை லிஸ்ட்டை படிச்சுட்டு 2015ல பிரெஞ்சு ஸ்க்ராபிள்ல உலக சாம்பியன் ஆனாரு, 2024ல ஸ்பானிஷ்லயும் அதே. தாய்லாந்துல இருந்து 2003லயும் 2009லயும் இங்கிலீஷ் உலக சாம்பியன் வந்திருக்காங்க. நம்ம பக்கத்துக்கு கொஞ்சம் சாதகமும் இருக்கு, இட்லி, தோசை, பந்தல், அணைக்கட்டுல இருந்து போன ஆனிகட், கட்டுமரத்துல இருந்து போன கேட்டமரான், எல்லாம் காலின்ஸ்ல செல்லுபடி, எந்த ஸ்பெல்லிங்னு மட்டும் பாத்து வச்சுக்கணும். ஐ ரெண்டு, எல், டி (D) மட்டும் கையில இருந்தா பலரும் தவிப்பாங்க, நாம இட்லியை வச்சுட்டு போயிடலாம்.

அதனால என்கிட்ட கேட்டா நேரடியாவே சொல்லுவேன். வேர்டில் மட்டும் ஆடறீங்கன்னா ஆப் எதுவும் போட வேண்டாம், இடம், இருக்கு, இல்லைன்னு மூணு கட்டம் இருக்கற சைட் ஒண்ணை வச்சுக்குங்க, விடை தேடாம தகவல் தேட பழகுங்க. க்ராஸ்வேர்டுன்னா ஒன்லுக். குடும்பத்தோட ஸ்க்ராபிள்னா காலின்ஸ் புத்தகம் ஒண்ணு மேஜைமேல, ரெண்டெழுத்து லிஸ்ட்டை பிரின்ட் எடுத்து எல்லாருக்கும் ஒண்ணு, சின்ன பசங்களுக்கும் அது தரணும், அப்பத்தான் ஆட்டம் சமமா இருக்கும். டூர்னமென்ட் ஆசை இருந்தா ஃபைண்டர் பழக்கத்தை இப்பவே விட்டுட்டு ஸைஸிவாவுக்கு போயிடுங்க, கூடவே க்வாக்கிள்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஆடின கேமை அதுல போட்டா ஒவ்வொரு தடவையும் எது நல்ல மூவ்னு அலசிக் காட்டும், வார்த்தை தெரிஞ்சும் தப்பான இடத்துல வச்சது எங்கன்னு அப்பத்தான் புரியும். காலின்ஸ் சில வருஷத்துக்கு ஒரு தடவை லிஸ்ட்டை மாத்தும், புது வார்த்தை சேரும், சிலது போயிடும், படிக்க ஆரம்பிக்கும் முன்னாடி நீங்க போகப்போற டூர்னமென்ட்ல எந்த வருஷத்து லிஸ்ட்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அதையே சாஃப்ட்வேர்ல செலக்ட் பண்ணிக்குங்க.